சாமி சத்தியமா

2019 டிசம்பர் கடைசி. ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்காக பெங்களூரிலிருந்து லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன கிராமம். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ராத்திரி எட்டரை மணி வாக்கில், இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தார். இன்னொருவர் கையில் ஒரு வெற்றிலை, அதன்மேல் சூடம். கொளுத்திவிட்டு, "ஆத்தா, இத அணைச்சு ஒரு சத்தியம் பண்ணிருங்க, அது போதும்" என்றார்.

அப்பத்தா தயங்கினாள். பிறகு அணைத்தாள். நான் வாசல் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தவன், ஐ.டி. வேலை, தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதுகிறவன். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர்கள் போனபிறகு அப்பத்தா சொன்னாள்: "நான் மத்தவனுக்குத்தான்டா போடணும்னு இருந்தேன். இப்ப சூடம் அணைச்சாச்சே. மாத்திப் போட்டா குலசாமி சும்மா விடுமா?"

மாற்றிப் போடவில்லை.

அப்பத்தாவுக்கு எந்த வேட்பாளரைப் பற்றியும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சாமி கும்பிடுறவனா?" சின்ன வயதில் எனக்கு இது மூடத்தனமாகத் தெரியும். பிறகுதான் புரிந்தது, அவள் பக்தியைப் பற்றிக் கேட்கவில்லை. சாமிக்குப் பயந்தவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவான் என்பது அவள் கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டவர்களில் பெரிய தத்துவவாதிகளும் உண்டு. மத சகிப்புத்தன்மைக்காக வாதாடி ஜான் லாக் எழுதிய புகழ்பெற்ற கடிதம் 1689-இல் வெளிவந்தது. அந்தக் கடிதத்திலேயே நாத்திகர்களுக்கு இடம் கிடையாது. கடவுளை மறுப்பவனை வாக்குறுதியோ ஒப்பந்தமோ சத்தியமோ கட்டுப்படுத்தாது என்பதுதான் லாக் சொன்ன காரணம். அப்பத்தா லாக்கைப் படித்ததில்லை. லாக்குக்குச் சூடம் தெரியாது. இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு சரிதானா என்பதை ஒரு நாட்டின் நாடாளுமன்றம் ஆறு வருடம் கிட்டத்தட்ட ஒரு பரிசோதனை மாதிரியே செய்து பார்த்தது. சார்லஸ் பிராட்லா என்ற மனிதரின் கதை அது.

*

அதற்கு முன் கொஞ்சம் பின்னணி.

இங்கிலாந்தில் 1673-இல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பதவி வேண்டுமானால் இங்கிலாந்துத் திருச்சபையின் முறைப்படி நற்கருணை வாங்கியிருக்க வேண்டும். கத்தோலிக்கர்களைத் தடுப்பதற்காக வந்த ஏற்பாடு. ஆனால் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன மற்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? பதவிக்காக ஒரு முறை போய் அப்பமும் ரசமும் வாங்கிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் சொந்த ஜெபக்கூடத்துக்கே திரும்பினார்கள். இது ஊரறிந்த வழக்கமாகி, அதைத் தடுக்க 1711-இல் தனியாக இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது. அதுவும் சில வருடங்களில் ரத்தானது. மூலச் சட்டம் 1828 வரை இருந்தது.

என் வேலையில் தினமும் பார்க்கிற விஷயம் இது. ஒரு ஃபார்மில் ஏதாவது ஒரு கட்டத்துக்குச் சிவப்பு நட்சத்திரம் போட்டு, நிரப்பியே ஆக வேண்டும் என்று வைத்துவிட்டால், சொல்ல விரும்பாத ஆள் அதில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். கட்டம் காலியா இல்லையா என்பதுதான் நம் நிரலுக்குத் தெரியும். உள்ளே இருப்பது உண்மையா என்று தெரியாது. பொய் எழுத மனசு வராதவர் மட்டும் அந்தப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்பார்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அப்படி மாட்டி நின்றவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். 1828-இல் அயர்லாந்தின் கிளேர் தொகுதியில் டேனியல் ஓ'கானல் ஜெயித்தார். கத்தோலிக்கர். அப்போதிருந்த சத்தியப்பிரமாணத்தில் கத்தோலிக்க நம்பிக்கைகளை மறுக்கும் வாசகங்கள் இருந்ததால் அவரால் உட்கார முடியவில்லை. மறுவருடம் சட்டம் மாறியது. குவேக்கர் பிரிவைச் சேர்ந்த ஜோசப் பீஸ் சத்தியம் செய்வதே பாவம் என்று நம்புகிறவர். 1833-இல் அவரை வெறும் உறுதிமொழியோடு உள்ளே விட்டார்கள். யூதரான லயனல் டி ராத்ஸ்சைல்டு 1847-இல் லண்டனில் ஜெயித்தார். பிரமாணத்தின் முடிவில் 'ஒரு கிறிஸ்தவனின் மெய்யான விசுவாசத்தின் பேரில்' என்று வரும். அதை அவர் சொல்ல மாட்டார். திரும்பத் திரும்ப ஜெயித்தும் பதினோரு வருடம் வெளியே இருந்துவிட்டு 1858-இல்தான் உள்ளே போனார்.

கத்தோலிக்கர், குவேக்கர், யூதர் என்று கதவு ஒவ்வொரு சாணாகத் திறந்தது. ஒவ்வொரு தடவையும் நாடு கெட்டுப்போகும் என்றார்கள். கெடவில்லை. அடுத்து வந்தவர் கடவுளே இல்லை என்றவர்.

*

பிராட்லா 1833-இல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்ம வயதில் தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர். பிஷப் வரப்போகிறார் என்று பாடங்களைத் தயார் செய்தபோது, திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் நான்கு சுவிசேஷங்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். சில இடங்கள் ஒத்துவரவில்லை. விளக்கம் கேட்டு பாதிரியாருக்கு எழுதினார். பையன் நாத்திகனாகிவிட்டான் என்று பாதிரியார் அவருடைய அப்பாவுக்குத் தகவல் அனுப்பினார். அப்போது பிராட்லா நாத்திகர் இல்லை, சந்தேகம் கேட்டவர், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு ராணுவத்தில் மூன்று வருடம், வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை, மேடைப் பேச்சு, பத்திரிகை. 1866-இல் தேசிய மதச்சார்பற்ற சங்கத்தைத் தொடங்கினார். மன்னராட்சி வேண்டாம் என்றார். கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை மறுபதிப்பு செய்ததற்காக 1877-இல் அன்னி பெசன்ட்டோடு சேர்ந்து கூண்டில் நின்றார். ஒரே ஆள்மேல் இத்தனை காரணங்களுக்காகக் கோபம் இருந்தது.

நார்தாம்ப்டன் செருப்பு, பூட்ஸ் தைக்கும் தொழிலாளர்களின் ஊர். இரண்டு உறுப்பினர் தொகுதி. 1868-இல் நின்று தோற்றார். 1874-இல் இரண்டு முறை தோற்றார். 1880-இல் 3,827 ஓட்டு வாங்கி, ஹென்றி லபுஷேர் என்பவரோடு சேர்ந்து ஜெயித்தார். அவர் நாத்திகர் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

1880 மே 3. சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார். நீதிமன்றச் சாட்சிகள் அப்படிச் செய்யலாம் என்று 1869, 1870 சட்டங்கள் சொல்லியிருந்தன. சபை ஒரு குழு போட்டது. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் குழு மறுத்துவிட்டது. சரி, சட்டம் சத்தியம்தான் கேட்கிறது என்றால் அதையே செய்கிறேன் என்று பிராட்லா முன்வந்தார். கூடவே ஒரு கடிதத்தையும் வெளியிட்டார்: அதில் வரும் கடவுள் சம்பந்தப்பட்ட சொற்கள் எனக்குப் பொருளற்றவை, ஆனால் அந்த வாக்கு என் மனசாட்சியைக் கட்டுப்படுத்தும். அவ்வளவுதான், சபை பற்றிக்கொண்டது. பொருளற்றவை என்று நீயே சொல்கிறாய், பிறகு எப்படிச் சத்தியம் செய்ய விடுவது?

இந்த இடத்தில் பிராட்லா மீதும் ஒரு கேள்வி இருக்கிறது. அவருடைய முகாமிலேயே ஜார்ஜ் ஹோலியோக் போன்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை. நம்பாத வார்த்தையைச் சொல்ல முன்வரலாமா? எனக்கும் அந்த நெருடல் உண்டு. ஆனால் அவர் அந்தக் கடிதத்தை எழுதாமல், முதல் நாளே எல்லோரையும் போல வரிசையில் நின்று முணுமுணுத்துவிட்டுப் போயிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கப்போவதில்லை. பக்கத்துச் சீட்டு லபுஷேரையே எடுத்துக்கொள்ளுங்கள். மதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். 'நார்தாம்ப்டனின் கிறிஸ்தவ உறுப்பினர்' என்று தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்வார். சத்தியம் செய்தார், உட்கார்ந்தார். 1883-இல் உள்ளே வந்த ஜான் மார்லியும் இறைநம்பிக்கை இல்லாதவர்தான். மிண்டோ-மார்லி சீர்திருத்தம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதே மார்லி. அவரும் சத்தியம் செய்தார், உட்கார்ந்தார். அந்த ஆறு வருடமும் சபை வடிகட்டிக்கொண்டிருந்தது நம்பிக்கை இல்லாதவர்களை என்று எனக்குத் தோன்றவில்லை. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒருவரைத்தான்.

*

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுருக்கினாலும் சினிமா மாதிரிதான் இருக்கும்.

1880 ஜூன் 22: உறுதிமொழிக்கு அனுமதி கேட்ட தீர்மானம் 275-க்கு 230 என்று தோற்றது. மறுநாள் சபையை விட்டு வெளியேற மறுத்ததால் பிராட்லாவை நாடாளுமன்ற மணிக்கூண்டில் ஓர் இரவு அடைத்தார்கள். பிக் பென் என்று நாம் சொல்கிற அதே மணிக்கூண்டு. ஜூலையில் பிரதமர் கிளாட்ஸ்டன் ஒரு வழி கண்டுபிடித்தார்: சட்ட விளைவு உன் பொறுப்பு என்ற நிபந்தனையோடு உறுதிமொழி எடுக்கலாம். எடுத்தார், ஓட்டுப் போட்டார். உடனே வழக்கு, ஒவ்வொரு ஓட்டுக்கும் 500 பவுண்டு அபராதம் கேட்டு. 1881 மார்ச்சில் நீதிமன்றத் தீர்ப்பால் பதவி போனது. இடைத்தேர்தல். 132 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். சபை விடவில்லை. 1881 ஆகஸ்ட் 3 அன்று உள்ளே நுழைய முயன்றபோது போலீசும் காவலர்களுமாகச் சேர்ந்து படிக்கட்டு வழியே இழுத்து முற்றத்தில் தள்ளினார்கள். கோட்டு கிழிந்தது. அன்று மனுக்களோடு கூடியிருந்த கூட்டம் கொதித்து உள்ளே பாயாமல் தடுத்து நிறுத்தியவர் அன்னி பெசன்ட். பின்னாளில் கடவுள் மறுப்பை விட்டுவிட்டு பிரம்மஞான சபைத் தலைவராக நம் அடையாறில் வாழ்ந்தவர்.

1882 பிப்ரவரியில் பிராட்லா சபையின் நடுவே போய், கையோடு கொண்டுவந்த பைபிளை வைத்துத் தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார். வெளியேற்றினார்கள். இடைத்தேர்தல், 108 ஓட்டில் வெற்றி. 1884-இல் மறுபடி அதையே செய்தார். ராஜினாமா, இடைத்தேர்தல், 368 ஓட்டில் வெற்றி. 1885 பொதுத்தேர்தலிலும் ஜெயித்தார். மொத்தம் ஐந்து முறை.

அந்த 132-ஐயும் 108-ஐயும் கவனியுங்கள். ஊரே அவர் பக்கம் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கிட்டத்தட்ட பாதிப் பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அதில் எத்தனையோ பேர் நாத்திகனுக்குப் போட மாட்டேன் என்றே போட்டிருப்பார்கள். எனக்கு அவர்கள்மேல் புகார் கிடையாது. வேட்பாளரின் நம்பிக்கையைப் பார்த்து ஓட்டுப் போடவோ போடாமல் இருக்கவோ வாக்காளருக்கு உரிமை உண்டு, அதற்கு அவர் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கேட்டுப் பதிலும் வாங்கியபிறகு, வாசலில் இன்னொரு உறுப்பினர் நின்றுகொண்டு அதே கேள்வியை மறுபடி கேட்பதுதான் பிரச்சினை.

வாசலில் நின்றவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். முன்னால் நின்றவர் ராண்டால்ஃப் சர்ச்சில், வின்ஸ்டன் சர்ச்சிலின் அப்பா. அரச குடும்பத்தைத் தாக்கி பிராட்லா எழுதிய பிரசுரத்தைச் சபையிலேயே தரையில் எறிந்து மிதித்தவர். அவருக்கும் அவருடைய மூன்று நண்பர்களுக்கும் கடவுளைக் காப்பாற்றுவதைவிட கிளாட்ஸ்டன் அரசைத் திண்டாட வைப்பதில் ஆர்வம் அதிகம். நாத்திகனுக்கு ஆதரவான அரசு என்று முத்திரை குத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் எங்கே கிடைக்கும்? அயர்லாந்தின் கத்தோலிக்க உறுப்பினர்களில் பெரும்பாலோரும் எதிர்த்தார்கள். கார்டினல் மேனிங் எதிர்த்து எழுதினார். ஓ'கானலுக்குக் கதவு திறந்து ஐம்பது வருடம்தான் ஆகியிருந்தது. ரயிலில் ஏறும்வரை இடம் இருக்கிறது என்பவர்கள், ஏறியபிறகு இடமில்லை என்று கதவைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்.

பிராட்லாவுக்கு ஆதரவாக அந்தச் சபையில் ஒலித்த மிகப் பெரிய பேச்சு ஒரு பக்தருடையது. கிளாட்ஸ்டன் திருச்சபையில் ஊறிய மனிதர். பிராட்லாவின் கருத்துகள் அவருக்குக் கொஞ்சமும் உவப்பானவை அல்ல. 1883 ஏப்ரல் 26 அன்று உறுதிமொழி மசோதாவை ஆதரித்துப் பேசியபோது, ரோமானியக் கவி லுக்ரீஷியஸின் வரிகளை லத்தீனிலேயே சொன்னார். தெய்வங்கள் எங்கோ தூரத்தில், மனிதர்களின் நல்லது கெட்டது எதிலும் பட்டுக்கொள்ளாமல் இருக்கின்றன என்ற கருத்து அது. கிளாட்ஸ்டனின் வாதம் இப்படிப் போகிறது: 'ஏதோ ஒரு கடவுள் இருக்கிறார்' என்று ஒப்புக்கொண்டால் போதும் என்றால், மனிதர்களைக் கண்டுகொள்ளாத அந்தக் கடவுளை ஒப்புக்கொள்கிறவரும் உள்ளே வரலாம். அதனால் உங்கள் மதத்துக்கு என்ன பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது? கிறிஸ்துவைப் பிரமாணத்திலிருந்து ஏற்கெனவே எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு சொல்லை வேலியாக வைத்திருக்கிறீர்கள். தன் நம்பிக்கை இப்படி ஒரு நுழைவுச்சீட்டாகத் தேய்ந்துபோவது ஒரு பக்தரைப் புண்படுத்தியிருக்கிறது. வெறும் சட்ட வாதமாக இருந்திருந்தால் அந்தப் பேச்சை இன்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

மசோதா 289-க்கு 292 என்று மூன்றே ஓட்டில் தோற்றது.

*

முடிவு சப்பென்று வந்தது. 1886 ஜனவரி 13. புதிய சபை, சபாநாயகர் ஆர்தர் பீல். உறுப்பினருக்கும் சத்தியத்துக்கும் நடுவில் குறுக்கிட எனக்கோ மற்றவர்களுக்கோ உரிமை இல்லை என்றார். பிராட்லா சத்தியம் செய்தார், உட்கார்ந்தார். ஆறு வருடச் சண்டை சில நிமிடங்களில் முடிந்தது. 1888-இல் விரும்பியவர்கள் உறுதிமொழி எடுக்கலாம் என்ற சட்டத்தை பிராட்லாவே நிறைவேற்ற வைத்தார்.

கிடைத்த கொஞ்ச காலத்தில் அவர் அதிகம் பேசியது நம்மைப் பற்றி. 'இந்தியாவின் உறுப்பினர்' என்றே பெயர் வந்தது. 1889 டிசம்பரில், நோயிலிருந்து அப்போதுதான் எழுந்தவர், கப்பலேறி பம்பாய் காங்கிரசுக்கு வந்தார். சென்னையில் அவருக்கு முன்பே வாசகர்கள் இருந்தார்கள். சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற நாத்திக இதழைத் தமிழில் நடத்தினார்கள். பிராட்லாவின் இயக்கத்தோடு தொடர்பில் இருந்தவர்கள் அவர்கள். பேராசிரியர் வீ. அரசு அந்த இதழ்களைத் தேடித் தொகுத்திருக்கிறார். பெரியாருக்கு முன் தமிழில் நாத்திகம் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தத் தொகுதிகள் பெரிய அதிர்ச்சி.

1891 ஜனவரி 27 அன்று, 1880-இல் தனக்கு எதிராகப் போட்ட தீர்மானத்தைக் காமன்ஸ் சபை குறிப்பேட்டிலிருந்து நீக்கியது. பிராட்லா மரணப் படுக்கையில் இருந்தார். செய்தி தெரியாமலே 30-ஆம் தேதி இறந்துபோனார். பிரார்த்தனை எதுவும் இல்லாமல் அடக்கம் செய்தார்கள். வந்திருந்த கூட்டத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 21 வயது குஜராத்தி இளைஞர் ஒருவரும் உண்டு. லண்டனில் இருந்த இந்தியர்கள் எல்லோருமே போயிருப்பார்கள் என்று காந்தி தன் சுயசரிதையில் எழுதுகிறார். திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் ஒரு நாத்திகர் ஒரு பாதிரியாரை மடக்கி மடக்கி வாதம் செய்ததைக் கேட்டு, நாத்திகத்தின் மேல் தனக்கிருந்த வெறுப்பு கூடிப்போனது என்றும் எழுதுகிறார். பிராட்லா கொள்கை வேண்டாம், பிராட்லா வேண்டும். காந்திக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. மறுவருடம் தாதாபாய் நௌரோஜி காமன்ஸ் சபைக்குத் தேர்வானார். பார்சியான அவர் அவெஸ்தாவைக் கையில் வைத்துக்கொண்டு பிரமாணம் எடுத்தார்.

*

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைத் திறந்து பாருங்கள். 'கடவுள் பெயரால் ஆணையிட்டு' என்ற சொற்களும் 'உளமார உறுதி கூறி' என்பதும் ஒன்றின் கீழ் ஒன்றாக, சம உரிமையோடு அச்சாகியிருக்கும். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஏன் என்று யாரும் கேட்க முடியாது. பிராட்லா ஆறு வருடம் படியேறி இறங்கியதற்குக் கிடைத்ததை நாம் முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டோம். முகவுரையைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என எச்.வி. காமத் 1949 அக்டோபர் 17 அன்று திருத்தம் கொண்டுவந்தார். 41 பேர் ஆதரவு, 68 பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் ஆழ்ந்த பக்தர்களும் இருந்தார்கள்.

1963-இல் வந்த 16-ஆவது திருத்தம், வேட்பாளராக நிற்பதற்கே ஓர் உறுதிமொழி வேண்டும் என்றது. திராவிட நாடு கோரிக்கையை மனதில் வைத்து வந்த திருத்தம். அந்தப் படிவம் கேட்பது நாட்டின் இறையாண்மையை, ஒருமைப்பாட்டைக் காப்பாயா என்று. அங்கேயும் கடவுள் பெயரில் சொல்வதும் சொல்லாததும் வேட்பாளர் விருப்பம். 2021-இல் மு.க. ஸ்டாலின் 'உளமார' என்று சொல்லிப் பதவியேற்றபோது அந்த ஒரு சொல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக ஓடியது. அதன் பின்னால் மணிக்கூண்டில் ஓர் இரவு அடைபட்ட ஒருவர் இருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டேன்.

மத அடிப்படையில் ஓட்டுக் கேட்கக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு சொல்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தவறுதான் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஏட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

தெருவில் அந்தச் சிவப்பு நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. வேட்புமனுவைச் சாமி காலடியில் வைத்து எடுக்க வேண்டும், நோன்புக் கஞ்சிக்குத் தொப்பி போட வேண்டும், கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்ட வேண்டும். மேடையில் கடவுள் மறுப்பு பேசுகிறவர் ஆரத்தித் தட்டில் பணம் போட்டுவிட்டு, வைத்துவிட்ட பொட்டை அழிக்காமல் அடுத்த தெரு வரைக்கும் போகிறார். நாம் அதைப் பார்த்து நமுட்டுச் சிரிப்பு சிரிக்கிறோம். ஆனால் பொட்டு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டு மறுக்கிற ஒருவர் வந்தால் அந்தத் தெருவில் அவருக்கு எத்தனை ஓட்டு விழும்? நம் வீட்டு ஓட்டு விழுமா? கட்டத்தில் புள்ளி வைத்துவிட்டுப் போகும்படி நாம்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம்.

*

அந்த உள்ளாட்சித் தேர்தலில் சூடம் கொண்டுவந்தவர்களின் ஆள்தான் ஜெயித்தார். எங்கள் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித் தருவதாகப் பேச்சு. அடுத்த பொங்கல் வந்தது, அதற்கடுத்த பொங்கலும் வந்தது, தொட்டி வரவில்லை. ஒரு தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன், அப்பத்தா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலத்தெருவிலிருந்து மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தாள். குடத்தை வாங்கிக்கொண்டு, "சாமி கும்பிடுறவன்னு சொல்லித்தானே போட்ட? இப்பப் பாரு" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன்.

அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன எங்கடா குத்தம் சொல்றது? சத்தியம் பண்ணது நானு. அவனா பண்ணான்?"

பதவியேற்ற அன்று அவரும் ஓர் உறுதிமொழியை வாசித்திருப்பார், கடவுள் பெயராலோ உளமாரவோ. அதை அப்பத்தாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சூடம் எரிந்த அன்று ராத்திரி நிலைப்படியில் சாய்ந்து நின்ற ஞாபகம் வந்தது. குடத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.